புதன்கிழமை வேலைக்குப் போன சட்டை

அந்தக் கோடையின் ஆறாவது புதன்கிழமை, காலை ஐந்தே காலுக்கு, நூற்றுப் பதினேழாம் நம்பர் சட்டை ஆள் இல்லாமல் வேலைக்குப் போனது. ஆணியில் மாட்டியிருந்த இடத்திலிருந்து தானே இறங்கி, தாழ்ப்பாளைத் தள்ளி, படியிறங்கி, இடப்பக்கம் திரும்பி, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றது. காலருக்கு மேலே தலை இல்லை, கைகளின் முனையில் விரல் இல்லை, கீழே கால் இல்லை. மற்றபடி ஓர் ஆளுக்கு உண்டான உயரத்தில், ஓர் ஆளுக்கு உண்டான கூனலோடுதான் நின்றது. பால் வண்டிக்காரர் அதைப் பார்த்து, "இன்னைக்கும் கொளுத்தப் போகுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நடத்துநர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். மாதச் சீட்டு இருந்தது. ஆலை வாசலில் இருந்த காவல்காரர் முகத்தைப் பார்க்கிறவர் இல்லை, சட்டைப் பையின் மேல் கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்திருக்கும் தகர வில்லையைப் பார்க்கிறவர். வில்லையில் நூற்றுப் பதினேழு என்று இருந்தது. நோட்டில் ஒரு கோடு போட்டு உள்ளே விட்டார். பதினெட்டு வருஷமாக அவர் அப்படித்தான் செய்கிறார். அவரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சட்டைக்குச் சொந்தக்காரன் அப்போது கட்டிலில் உட்கார்ந்து, கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் அப்படிப் பிடித்துக்கொள்வது வழக்கம். யாரோ காலைப் பிடித்து இழுக்கிறார்கள், விட்டால் போய்விடுவோம் என்கிற மாதிரி ஒரு பிடி. பிறகு அவனே விட்டுவிட்டு எழுந்து போவான். ஆலையில் அவனுக்குப் பட்டப்பெயர் புதன். காரணம் ஊரறிந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததுமே, "நாளன்னைக்கு ஒரு நாள் லீவு கிடைச்சா எப்படி இருக்கும்!" என்று ஆரம்பிப்பான். செவ்வாய்க்கிழமை அதையே பெருமூச்சாக விடுவான். புதன்கிழமை வாயைத் திறக்க மாட்டான். வியாழக்கிழமை அடுத்த புதனுக்கு எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்குவான். ஞாயிறுதான் எல்லோருக்கும் லீவு. அது அவனுக்கும் உண்டு. ஆனால் அவன் பெண்டாட்டிக்குக் கிடையாது.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் அங்கி எல்லாவற்றையும் கொதிக்கிற தொட்டியில் போட்டுக் கிளறி எடுக்கிற வேலை. நோய்க்கு ஞாயிறு ஏது? அதனால் அங்கே ஏழு பேருக்கு ஏழு நாளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு விழுந்தது புதன். அவன் காலை ஆறிலிருந்து மூன்று மணி வரை. அவள் பகல் ஒன்றிலிருந்து பத்து வரை, ஞாயிறன்று மட்டும் விடியற்காலையிலேயே. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் முழித்திருக்கும்போது ஒரே அறையில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நல்ல பருவமழை அளவுக்குக்கூட வராது. புதன்கிழமைகளில் அவன் மூன்றே முக்காலுக்கு வீடு வந்து, முகம் கழுவி, அவள் போட்ட தட்டின் முன்னாலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவான். பிள்ளை இல்லையே என்று அக்கம்பக்கத்தில் யாராவது இழுத்தால், "அதுக்கும் லீவு எழுதிக் கொடுக்கணும்ல" என்று அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆலை, தெருச் சாக்கடைகளுக்கு இரும்பு மூடி வார்க்கிற இடம். உலையின் வாயிலிருந்து கொட்டுகிற உருகிய இரும்பை ஒரு பெரிய கரண்டியில் பிடிப்பார்கள். கரண்டி ஒரு நீளக் கம்பின் நடுவில் தொங்கும். இந்த முனையை ஓர் ஆள், அந்த முனையை ஓர் ஆள் பிடித்துக்கொண்டு, கால் மாறாமல் நடந்துபோய் மணல் அச்சுகளில் ஊற்ற வேண்டும். ஒருவன் தடுமாறினால் இரண்டு பேருக்கும் கால் மிஞ்சாது. புதனோடு கம்பு பிடிப்பவன் பெயர் கட்டை. ஆள் குள்ளம், வாய் நீளம். வார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போட்ட சட்டையை வாரக் கடைசி வரை துவைக்க மாட்டார்கள். துவைத்த துணி மெத்தென்று இருக்கும், பொறி விழுந்தால் பிடித்துக்கொள்ளும். வியர்வை காய்ந்து காய்ந்து உப்பேறி விறைத்த துணியில் பொறி உருண்டு ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கோடையிலோ குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வந்தது, வந்ததும் கொதித்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று ஐந்து வாரம் அவன் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு வரி வரியாகப் படிந்தது. கழற்றி வைத்தால் நின்றது. அப்புறம் நடந்தது.

அவன் கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்த்தான். அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க ஓடுறீங்க?"

"சட்டை போகுது பாரு!"

"போகட்டும். எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க, சினிமாவுக்கா? வேலைக்குத்தான் போகுது. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தான். அந்த முதல் புதன்கிழமை இரண்டு பேருக்கும் எப்படி இருப்பதென்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களைப் போல எதிரெதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற, ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நகர்ந்து வந்து அவர்கள் காலைத் தொட்டது. அவனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போயிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் வேலை செய்யும்போது மூக்குக்குள் ஏதோ பாட்டை இழுத்துக்கொண்டே இருப்பாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு வெறும் சிமெண்ட் தரையில் படுத்தார்கள். தண்ணீர் தெளித்த தரை. அவள் ஆஸ்பத்திரிக் கதை ஒன்று சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே தூங்கிப்போனாள். அவன் மீதிக் கதைக்காக முழித்துக்கொண்டு படுத்திருந்தான். ஒன்றும் செய்யாமல் ஒருத்தி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதில் இத்தனை சுகம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றே முக்காலுக்குச் சட்டை வந்தது. கதவருகில் கொஞ்சம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, தானே ஆணியில் ஏறித் தொங்கியது. தொட்டால் சுட்டது. மறுநாள் அவன் அதைப் போட்டுக்கொண்டு போனபோது கட்டை கம்பின் அந்த முனையிலிருந்து விவரம் சொன்னான்.

"நல்லாத்தான்டா வேலை செஞ்சுச்சு உன் சட்டை. கால் தப்பல, ஒரு சொட்டு சிந்தல. பேச்சுத் துணைக்குத்தான் ஆகாது. நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சும்மா நின்னுச்சு."

"நான் மட்டும் என்ன சிரிச்சேனா?"

"நீ முறைக்கவாவது செய்வ."

அடுத்த புதன்கிழமையும் சட்டை போனது, அதற்கடுத்ததும் போனது. மற்ற ஐந்து நாள் அவன் அதற்குள் இருந்து வியர்த்தான். ஞாயிறு ஆணியில் தொங்கியது. தெருவில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்ட நாட்கள் அவை. வீட்டுக்குள்ளே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் முதல் முறையாக ஒரு முழுச் சண்டை போட்டு, அதே நாளில் முடித்தார்கள். அதற்கு முன்னால் சண்டை தொடங்கினால் முடிக்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் எதற்காகத் தொடங்கியது என்று மறந்துபோய்விடும்.

மேஸ்திரி கண்ணில் எதுவும் தப்பாது. தலை இல்லாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலை இருந்தவர்களால் ஆலைக்கு என்ன லாபம் வந்தது என்று கேட்கிறவர். சட்டை தண்ணீர் குடிக்கப் போவதில்லை, ஒதுங்கப் போவதில்லை, பீடி பற்ற வைப்பதில்லை என்பதைத்தான் கவனித்தார். புதன்கிழமைகளில் அந்தக் கம்பில் மட்டும் எட்டு மூடி அதிகம் விழுந்தது. கட்டைக்கு நாக்குத் தள்ளியது. அது வேறு விஷயம். மூன்றாவது புதன் முடிந்த வெள்ளிக்கிழமை அவர் புதனைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஞாயித்துக்கிழமை உலை சும்மா எரியுது. அணைச்சா செங்கல்லு வெடிச்சிரும், அணைக்க முடியாது. உன் சட்டைய அனுப்பு."

"அதுவும் ஆறு நாள் உழைக்குதே மேஸ்திரி."

"ஏன்டா, துணிக்கு என்னடா களைப்பு? உன்னையா கூப்பிடுறேன்? நீ பாட்டுக்கு ஞாயிறும் தூங்கு, புதனும் தூங்கு. ராஜா மாதிரி இரு."

முடியாது என்றால் புதன்கிழமையும் போய்விடுமோ என்று அவன் பயந்தான். சும்மா நின்றான். அவன் சும்மா நின்றதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் மேஸ்திரி. அந்த ஞாயிறு, அவள் விடியற்காலையில் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் சட்டையும் கிளம்பியது. கதவருகில் வழக்கத்தைவிட நேரம் நின்றது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் சட்டைக்கு ஓய்வு என்பதே இல்லை. ஐந்து நாள் அவனோடு, இரண்டு நாள் தனியாக. தோள்பட்டைத் தையல் விட்டது. அவள் ஊசி நூலை எடுத்துத் தைத்தாள். அடுத்த வாரம் அக்குளில் விட்டது, அதையும் தைத்தாள். துணியைப் பார்த்தே அதன் ஆயுசைச் சொல்லிவிடுகிறவள் அவள். ஒரு புதன்கிழமை மத்தியானம், தைக்க வேண்டியதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தவள் சொன்னாள்:

"அது தூங்கவே மாட்டேங்குதுங்க. ராத்திரி நான் வர்றப்ப ஆணியில கிடந்து நடுங்குது."

"காத்துல ஆடும்."

"எங்கங்க காத்து? இந்த ஊர்ல இலை அசைஞ்சு ரெண்டு மாசமாச்சு."

"துணிக்கு என்ன தூக்கம், விடு" என்றான். மேஸ்திரியின் குரல் தன் வாயிலிருந்து வந்ததை அவன் கவனித்தான். அவளும் கவனித்தாள். அவள் எழுந்து, சட்டை வந்ததும் தைக்க ஊசியில் நூல் கோத்து வைத்தாள்.

சட்டை போகத் தொடங்கியதிலிருந்து ஏழாவது புதன்கிழமை அந்த வருஷத்திலேயே கொடிய நாள். ஐந்து மணிக்கே குருவிகள் வாயைத் திறந்துகொண்டு தண்ணீர் தேடின. சட்டை ஐந்தே காலுக்கு இறங்கி வெளியே போனது. பேருந்து நிறுத்தம் வரை போனது. பேருந்து வந்தது, நடத்துநர் காத்திருந்தார், விசில் கொடுத்தார், பேருந்து போனது. சட்டை திரும்பி வந்தது. படியேறி, ஆணியைத் தாண்டி, அவள் தண்ணீர் தெளித்து உலர்ந்திருந்த தரைக்குப் போய், இரண்டு கையையும் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டது.

ஆறே காலுக்கு ஆலை வாசல் அடைப்பார்கள். வில்லை உள்ளே போகாவிட்டால் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. உலை எரிந்துகொண்டிருக்கையில் சொல்லாமல் நிற்கிற ஆளை மறுநாள் உள்ளே விடுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். "எந்திரி" என்றான். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. சட்டை அசையவில்லை. ஆறு அடித்தது, ஏழு அடித்தது. ஏழரைக்கு மேஸ்திரியின் சைக்கிள் வாசலில் நின்றது. அவர் முகம் வெந்த பீட்ரூட்டாக இருந்தது. உள்ளே வந்து தரையில் கிடந்ததைப் பார்த்தார்.

"என்னடா இது?"

"வர மாட்டேங்குது மேஸ்திரி."

"வர மாட்டேங்குதா? கட்டை ஒத்தக் கம்பப் புடிச்சுக்கிட்டு அங்க பேன்னு நிக்கிறான். போட்டுக்க. போட்டுக்கிட்டு வா. நீ உள்ள இருந்தா எப்படி வராம போவும்?"

அவன் குனிந்து காலரைப் பிடித்துத் தூக்கினான். காய்ச்சல்காரன் உடம்பைப் போல அது கொதித்தது. ஒரு கையை உள்ளே நுழைத்தான். அப்போது சட்டையின் இன்னொரு கை நீண்டு போய்க் கட்டில் சட்டத்தைப் பிடித்தது. விரல் இல்லாத அந்தத் துணிமுனை சட்டத்தைச் சுற்றி இறுகியது. இழுத்தான். விடவில்லை. இன்னொரு முறை இழுத்தபோது, போன வாரம் அவள் போட்ட தையல் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பிடி எத்தனை பலமானது, எதற்காக அத்தனை பலம், விட்டால் எங்கே போக வேண்டியிருக்கும் என்று உலகத்தில் அவனுக்கு மட்டும் தெரியும்.

கையை உருவிக்கொண்டான். சட்டையைத் தரையில் மெதுவாக விட்டான்.

"முடியாது மேஸ்திரி."

"முடியாதுன்னா?"

"அதுக்கு முடியல. முப்பது நாளா ஒரு நாள்கூட நிக்கல அது."

மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான். மடியிலிருந்து நோட்டை எடுத்து விரல் வைத்து எண்ணினார். முப்பது சரியாக இருந்தது.

"சரி, லீவு போட்டுக்கறேன். சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, உழைச்சிருக்கு. ஆனா அதுக்குத்தான் லீவு, உனக்கு இல்ல. நீ இதுவரைக்கும் ஆறு புதன்கிழமை வீட்டுல கிடந்திருக்க. யாராவது ஒருத்தர் வந்தாகணும்ப்பா. கம்புக்கு ரெண்டு முனை இருக்கு."

அவள் சட்டென்று சொன்னாள்: "இவரு இன்னைக்கு இங்கதான் இருப்பாரு. ஒரு வாளித் தண்ணி இருக்கு. இதை முக்கி எடுத்துட்டா வெறும் துணி, அதோட லீவு இவருக்குத்தான். அப்புறம் யாருக்கு லீவு, யாருக்கு வேலைங்கிற பேச்சே இல்லையே!" அவள் வாளியை எடுத்தே விட்டாள். சலவைக்காரியின் கை, ஒரு முக்கு முக்கினால் அவ்வளவு உப்பும் கரைந்துவிடும். தரையில் கிடந்த சட்டை வாளியின் சத்தம் கேட்டுச் சுருண்டது. முதுகின் வெள்ளை வரிகள் மேலும் கீழும் ஏறி இறங்கின.

"வேண்டாம்" என்றான் அவன்.

"வேலையும் போயிரும்ங்க, நாளும் போயிரும்."

"வேலை போகாது. நான் போறேன்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இதாவது இங்க கிடக்கட்டும், விடு. நான் கேட்ட லீவுதானே."

மாற்றுச் சட்டை ஒன்று இருந்தது, துவைத்து மடித்தது, மெத்தென்றது. பொறி விழுந்தால் அது பிடித்துக்கொள்ளும், வில்லையும் இல்லை. பனியனோடு மேஸ்திரியின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனான். காவல்காரர் நெஞ்சில் வில்லையைத் தேடினார், காணவில்லை. முதல் முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை. "நூத்திப் பதினேழுக்குப் பதிலாளு" என்றார் மேஸ்திரி. காவல்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். அன்று வெறும் கையில் பொறிகள் விழுந்து பதினோரு இடத்தில் கொப்புளம் போட்டது. கட்டை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள், புதனை எனக்கு விடு என்று சட்டையிடம் அவன் பிறகு எத்தனையோ முறை பேசிப் பார்த்தான். ஞாயிறு சட்டை ஒழுங்காக வேலைக்குப் போனது, மற்ற நாட்கள் அவனோடு போனது. புதன்கிழமை மட்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த உப்பெல்லாம் புதன்கிழமைக்கு ஏங்கி ஏங்கி வழிந்த வியர்வையில் வந்ததுதானே. அதற்கு வேறு கிழமை தெரியாது. கோடை முடிந்து மழை வந்தது. மழை நாட்களில் அவள் ஜன்னலைச் சாத்தி, சட்டையைச் சாரல் படாத பக்கமாக நகர்த்திப் போட்டாள். இரண்டாவது கோடை வந்தது, நான்காவது வந்தது. ஆலையில் அவனுக்கு இரண்டு பெயராயிற்று: வாரத்தில் ஐந்து நாள் நூற்றுப் பதினேழு, ஒரு நாள் பதிலாள். கைகளில் ஏறிய சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்தே அவன் எத்தனை புதன்கிழமை போயிருக்கிறான் என்று கட்டை சொல்லிவிடுவான். மேஸ்திரி ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் முதல் வாரம் மட்டும் கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. தெருவில் போகிறவர்கள் புதன்கிழமைகளில் அந்த ஜன்னலுக்குள் ஒரு பெண்ணும் ஒரு சட்டையும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். சிலர் நின்று, "என்ன, இன்னைக்கு லீவா?" என்று விசாரித்தார்கள்.

அவன் மூன்றே முக்காலுக்கு வந்து முகம் கழுவி, தட்டின் முன்னால் உட்காருவான். கண் சொக்குவதற்குள் எப்போதும் அதையே கேட்பான்.

"இன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணோம், ஒண்ணும் பண்ணல" என்பாள் அவள், கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே. "தரையில தண்ணி தெளிச்சு, நாங்க ரெண்டு பேரும் சும்மா படுத்துக் கிடந்தோம்."

சரி என்று தலையாட்டிவிட்டு அவன் சோற்றைப் பிசைவான்.